முதல் குண்டு மட்டும் என் பேச்சைக் கேட்டது: ஆட்டோ ஃபயரிங் தேர்வு அனுபவம்

ஆட்டோ ஃபயரிங் தேர்வை ஒருவழியாக முடித்துவிட்டேன். சிங்கிள் ஷாட் பகுதியைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை, வந்துவிட்டது. என்னை அலைக்கழித்தது, விசையைப் பிடித்திருக்கும்வரை குண்டுகள் தொடர்ந்து கிளம்பும் ஆட்டோ பகுதிதான். எரிச்சல் மிச்சமிருக்கும்போதே எழுதிவிடுகிறேன். ஆறப்போட்டால் எல்லாம் சுலபமாக நடந்ததுபோல எழுதத் தோன்றிவிடும்.

எங்களுக்குக் கொடுத்தது ஏகேஎம், அதாவது ஏகே-47இன் மேம்படுத்திய வடிவம். 7.62×39 தோட்டா, நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டு வேகம். அதாவது நொடிக்குப் பத்து. விசையை விடாமல் பிடித்தால் 30 தோட்டா மேகசின் மூன்று நொடியில் காலி. தேர்வில் 50 மீட்டரில் உருவ டார்கெட், இரண்டு மூன்று குண்டுகளாக பர்ஸ்ட், முதலில் படுத்து, அப்புறம் நின்று. சுட்ட மொத்தக் குண்டுகளில் இத்தனை உருவத்துக்குள் விழுந்திருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. வினையே அந்த வரம்புதான். ஆட்டோவில் முதல் குண்டை நீங்கள் குறிவைக்கிறீர்கள். இரண்டாவதும் மூன்றாவதும் உங்கள் உடம்பு எப்படிக் கிடக்கிறதோ அதன்படி போகும்.

முதல் நாள் சுடவே இல்லை. ரேஞ்ச் அனுமதிச் சீட்டில் தேதி தப்பாக இருந்தது. மருத்துவ வண்டி வந்து நிற்கிறது, தோட்டாப் பெட்டி வந்துவிட்டது, சுடுவதைக் காட்டும் கொடி மட்டும் ஏறவில்லை. சீட்டைத் திருத்த வேண்டியவர் வேறு இடத்தில். மாலை வரை வெயிலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். இதில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை, தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போவதைத் தவிர.

மறுமுறை போய்ச் சுட்டபோது என் பர்ஸ்ட் எல்லாம் ஒரே மாதிரி போயின. முதல் குண்டு நெஞ்சில், இரண்டாவது வலது தோள் ஓரத்தில், மூன்றாவது உருவத்துக்கு வெளியே, வலப்பக்கம் மேலே. பயிற்றுநர் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "இறுக்கிப் பிடி." இறுக்கிப் பிடித்தேன். இன்னும் மோசமானது. "இன்னும் இறுக்கு" என்றார். எத்தனை பேருக்கு இதே வார்த்தையைச் சொல்லியிருப்பாரோ. கையை முறுக்கிப் பிடித்தால் நடுக்கம் கூடுகிறது, முன்கை சீக்கிரம் சோர்கிறது, குறி முதல் குண்டிலேயே கெடுகிறது. உதையைக் கை மட்டும் தாங்க முடியாது. தாங்க வேண்டியது தோளும் அதற்குப் பின்னால் இருக்கும் உடம்பும்.

குழல் ஏன் மேலே போகிறது என்பதை அவர் இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் என் பாதித் தொல்லை குறைந்திருக்கும். ஏகேஎம்மில் குழலின் நடுக்கோடு மேலே இருக்கிறது. துப்பாக்கியின் பின்கட்டையான பட் தோளில் பதியும் இடம் அதற்குக் கீழே இருக்கிறது. உதை குழலின் நேர்கோட்டில் பின்னால் வருகிறது, தோள் கீழே தடுக்கிறது, ஆகவே முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு அந்தத் தோள் பின்னால் திரும்புவதால் வலப்பக்கமும் இழுக்கும். பத்தில் ஒரு நொடியில் அடுத்த குண்டு கிளம்பிவிடுகிறது. அதற்குள் குழலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர யாராலும் ஆகாது. அமெரிக்காவின் எம்16 மாதிரியான துப்பாக்கிகளில் பட் பகுதியைக் குழலின் நேர்கோட்டிலேயே வைத்திருப்பது இதனால்தான்.

"பையன் உடம்பில் பலமில்லை" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வேறு. அவருக்கு அப்போது பதில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். அமெரிக்க ராணுவம் 1957இல் ஏற்றுக்கொண்ட எம்14, ஆட்டோவில் கட்டுக்கு அடங்காமல் போனதால்தான் பெரும்பாலான துப்பாக்கிகளில் அந்த வசதியையே பூட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் வீரர்கள் எல்லாம் நோஞ்சான்களா? பிறகு வந்த எம்16ஏ2விலும் இந்தியாவின் இன்சாஸ் ரைபிளிலும் மூன்று குண்டோடு தானாக நின்றுவிடும் பர்ஸ்ட் வைத்தார்கள். ரஷ்யாவின் ஏஎன்-94 இன்னொரு வழியில் போனது. நிமிடத்துக்கு 1800 என்ற வேகத்தில் இரண்டு குண்டுகளைத் தள்ளி, உதை தோளை எட்டுவதற்கு முன்பே இரண்டும் குழலை விட்டுப் போகும்படி செய்தார்கள். ஏகேஎம்மில் இந்தத் தடுப்பு எதுவும் கிடையாது. நம் விரல்தான் தடுப்பு.

இனி ஆயுதக் கிடங்குக் கதை. நான் ஜீரோ செய்திருந்த, அதாவது குண்டு குறிவைத்த இடத்திலேயே விழும்படி சைட்டைச் சரிசெய்திருந்த துப்பாக்கியின் எண் என்னிடம் இருந்தது. கிடங்குக்காரர் கொடுத்தது வேறு எண். கேட்டால், "எல்லாம் ஒரே துப்பாக்கிதான் தம்பி, வரிசையை மறிக்காதே." அந்தத் துப்பாக்கிக்கான ஜீரோ அட்டையைக் கேட்டேன். யார் கடைசியாக ஜீரோ செய்தது, எந்தத் தூரத்தில், முன் சைட் எந்த நிலையில் என்று எழுதியிருக்க வேண்டிய அட்டை அது. உறை இருந்தது, அட்டை இல்லை. "அதெல்லாம் பார்த்தா சுடப் போறே?" என்றார். அதைப் பார்த்துத்தான் சுட வேண்டும். ஒருவர் கன்னம் வைக்கும் உயரமும் கண் வைக்கும் தூரமும் இன்னொருவருக்குச் சரிவராது.

உண்மையான கோளாறு அதுகூட இல்லை. என் பக்கத்தில் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்த மூத்தவர் ஒருவர், நான் கேட்காமலேயே குழல் முனையைப் பார்த்தார். ஏகேஎம் முனையில் சாய்வாக வெட்டிய ஒரு சின்ன உருளை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் நீண்ட உதடு கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். குண்டுக்குப் பின்னால் பீறிடும் வாயு அந்த உதட்டில் மோதிக் குழலைக் கீழேயும் சற்று இடப்பக்கமும் அழுத்தும். மேலே வலப்பக்கம் போகும் இயல்புக்கு நேர் எதிராக. என் துப்பாக்கியில் அந்த உதடு வலப்பக்கம் திரும்பி நின்றது! அதைத் திரும்பாமல் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் முளை கரியேறி உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் உருளை தன் மரையில் (திருகுப் புரியில்) சுழன்றுவிட்டது. ஆக, கீழே அழுத்த வேண்டிய வாயு என் குழலை வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. இதற்கு "இறுக்கிப் பிடி" வைத்தியம்.

பழைய டூத் பிரஷ்ஷும் கொஞ்சம் எண்ணெயும் போட்டதும் முளை வெளியே வந்தது. உருளையைத் திருப்பினோம். அது இடப்புரி மரை, வழக்கமான பக்கம் முறுக்கினால் கழன்றுவிடும். 'டிக்' என்று முளை பள்ளத்தில் உட்கார்ந்த சத்தம் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே! துப்பாக்கியை வாங்கியதும் காலியாக இருக்கிறதா என்று பார்த்த கையோடு முனையையும் பாருங்கள். விரலால் திருகினால் அசையக் கூடாது.

முனையில் எதையாவது மாற்றினால் குண்டு விழும் இடமும் மாறும். எனவே மறுபடி ஜீரோ. அதற்கான சைட் கருவியை வாங்க இன்னொரு கையெழுத்து, இன்னொரு காத்திருப்பு. கருவி கிடைத்துவிட்டால் வேலை சுலபம்: குண்டு எந்தப் பக்கம் தப்புகிறதோ முன் சைட்டை அதே பக்கம் நகர்த்த வேண்டும். மேலே விழுந்தால் மேலே, வலப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம். இதைச் சிங்கிள் ஷாட்டில்தான் செய்ய வேண்டும். பர்ஸ்ட்டைப் பார்த்து சைட்டைத் திருகிக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டேன். சாயங்காலம் வரை திருகியிருப்பார்.

அடுத்து உடம்பு. படுத்துச் சுடும்போது உடம்பைத் துப்பாக்கிக்குச் சாய்வாகக் கிடத்தச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். சிங்கிளுக்கு அது ஓடிவிடும். ஆட்டோவில் ஒவ்வொரு உதையும் அந்தத் தோளைப் பின்னால் திருப்புகிறது, குழல் பக்கவாட்டில் நடக்கிறது. அதே மூத்தவர்தான் என் காலைப் பிடித்து இழுத்துத் துப்பாக்கிக்கு நேர் பின்னால் கிடத்தினார். முதுகுத்தண்டும் குழலும் ஏறக்குறைய ஒரே கோட்டில். பட் பகுதியைத் தோள் எலும்பின் மேல் வைக்காமல், கழுத்துப் பக்கமாக இருக்கும் குழியில் வைக்கச் சொன்னார். முன்னால் இருக்கும் கை இறுகப் பிடிப்பதைவிட, துப்பாக்கியைத் தோளுக்குள் ஒரே சீராகப் பின்னால் இழுத்துக்கொண்டிருப்பதுதான் முக்கியம். ஏகேஎம்மின் நீண்ட மேகசினைத் தரையில் முட்டுக் கொடுக்கலாம். தேர்வில் அதை அனுமதிக்கிறார்களா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு சோதனை சொன்னார். குறிபார்த்துவிட்டுக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, திறந்து பார். சைட் டார்கெட்டிலேயே இருந்தால் உடம்பு சரியாக இருக்கிறது. விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யாதே, இடுப்பை நகர்த்து. கையால் இழுத்து வைத்த குறி முதல் உதையிலேயே தன் இடத்துக்கு ஓடிவிடும். எனக்கு அதிகம் பலன் தந்தது இதுதான்.

நிற்கும் நிலைக்கு அவர் ஒரே உவமை வைத்திருந்தார்: நின்றுபோன வண்டியைத் தள்ளத் தயாராக நிற்பதுபோல நில். ஒரு கால் முன்னால், முழங்கால் சற்று மடங்கி, எடை முன்காலில், நெஞ்சு முன்னால் சாய்ந்து. நிமிர்ந்து நின்றாலும் பின்னால் சாய்ந்தாலும் மூன்றாவது குண்டு வானத்துக்குத்தான். முன்னால் இருக்கும் கையை மேகசின் பக்கத்தில் வைக்காமல், குழலை ஒட்டியிருக்கும் கைப்பிடிக் கட்டையில் எவ்வளவு முன்னால் வைக்க முடியுமோ அவ்வளவு முன்னால் வைத்தால் குழலைக் கட்டுப்படுத்துவது எளிது. நிறையச் சுட்ட பிறகு அந்தக் கட்டை சுடும், புகையும்கூட வரும். கையுறை தேவை.

பர்ஸ்ட் நீளம்தான் மிச்சம். மனதுக்குள் 'விடு' என்று சொல்லிக்கொண்டே விரலை எடுத்தால் இரண்டு அல்லது மூன்று குண்டோடு நிற்கும். விசையைச் சுண்டி இழுத்தால் ஒரே குண்டோடு நின்றுவிடும், குறியும் கெடும். அழுத்து, விடு, அவ்வளவுதான். ஒவ்வொரு பர்ஸ்ட்டுக்கும் முதல் குண்டு மாதிரி புதிதாகக் குறிபார்க்க வேண்டும். குழல் மேலே போகிறதே என்று பர்ஸ்ட் நடுவில் கீழே அமுக்கினால் கடைசிக் குண்டு தரையில் புழுதி கிளப்பும். அதைவிட, குறியையே உருவத்தின் கீழ்ப்பகுதியில், சற்று இடப்பக்கமாக வைத்துவிடலாம். மற்றவை ஏறிப்போய் உருவத்துக்குள்ளேயே விழும்.

பயிற்சியில் நிறைத்த மேகசினும் தேர்வில் சில தோட்டாக்களும் கொடுப்பதையும் யாராவது யோசிக்கலாம். 30 தோட்டாக்களின் எடை கிட்டத்தட்ட அரைக் கிலோ. அந்த எடை போய்விட்டால் அதே துப்பாக்கி கூடுதலாகத் துள்ளும். முடிந்தால் பயிற்சியிலேயே குறைந்த தோட்டா போட்டுப் பழகுங்கள். இடையிடையே டம்மி தோட்டா கலந்து நண்பரை நிரப்பச் சொல்லுங்கள். வெடிக்காத தோட்டாவிலும் குழல் முனை கீழே குத்தினால், நீங்கள் உதைக்கு முன்பே பயந்து அமுக்குகிறீர்கள் என்று தெரிந்துவிடும். காதுக்கு நல்ல அடைப்பான் போட்டால் இந்தப் பயம் பெருமளவு குறையும்.

தேர்வன்று பக்கத்து லேன்காரருக்கு நடந்ததையும் சொல்லியே ஆக வேண்டும். ஏகேஎம்மில் சுடும் முறையை மாற்றும் நெம்புகோல் மேலே இருந்தால் பூட்டு, நடுவில் ஆட்டோ, அடியில் சிங்கிள். பதற்றத்தில் எல்லாருக்கும் கை அடிவரை தள்ளிவிடும். அவருக்கும் தள்ளிவிட்டது. ஆட்டோ சுற்றில் ஒவ்வொன்றாகச் சுட்டு, நேரமும் முடிந்து, மீதித் தோட்டா மேகசினிலேயே நின்றது. ஒரு 'டக்'கோடு நிறுத்துவதற்குக் கையைப் பழக்கி வைத்திருங்கள்.

என் சுற்று நன்றாகவே போனது. படுத்துச் சுட்டதில் ஒன்றுதான் வெளியே. நின்று சுட்டதில் சில போயின, ஆனால் வரம்புக்குள். அதற்குப் பிறகும் விடவில்லை. டார்கெட்டில் முந்தைய ஆளின் ஓட்டைகளைச் சரியாகக் காகிதம் ஒட்டி மூடாததால், நான் சுட்டதைவிட அதிக ஓட்டை! "கணக்கு இடிக்கிறது, மறுபடி சுடு" என்றார் குறிப்பெழுதுபவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சுடுவதற்கு முன் டார்கெட்டைப் பார்க்கும்போதே, ஒட்டாத ஓட்டைகளைக் காட்டி லேன் பொறுப்பாளரிடம் சொல்லியிருந்தேன். அவருக்கும் அது ஞாபகம் இருந்தது. பழைய ஓட்டைகளைக் கழித்துப் போட்டார்கள். அப்படியும் மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்கு நேராகப் பக்கத்து லேனின் எண் எழுதியிருந்தது. பேனாவை வாங்கிக்கொண்டு, அது திருத்தப்பட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.