அஞ்சே சுரம், ஊருக்கு ஒரு மோகனம்

டெம்ப்டேஷன்ஸ் குழுவோட 'மை கேர்ள்' கேட்டிருக்கீங்களா? 1964 கடைசில வந்தது, டெட்ராய்ட்ல மோட்டவுன் கம்பெனி போட்ட பாட்டு. முதல்ல ஜேம்ஸ் ஜேமர்சனோட பேஸ் கிட்டார் மட்டும் தனியா வரும், அப்புறம் ராபர்ட் வைட்டோட கிட்டார் படிப்படியா மேல ஏறும், ச ரி க ப த ச. அஞ்சே சுரம் இருக்கற நம்ம மோகன ராகத்தோட ஆரோகணம், அதாவது ஏறுவரிசை, அப்பட்டமா அதேதான். தெருவுல யாராவது ஒருத்தர் வீட்டு பாட்டு கிளாஸ்லேர்ந்து மோகனத்துல இருக்கற நின்னுகோரி வர்ணம் காதுல விழுந்துகிட்டே வளர்ந்தவங்களுக்கு அந்த இடம் வந்தா சும்மா இருக்க முடியாது, வாய் தானா முணுமுணுக்கும்.

இந்த மாதிரி ஒத்துமை ஒண்ணு கிடைச்சா உடனே எல்லாரும் இசைக்கு மொழி கிடையாது, எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லிட்டு போயிடறாங்க. எனக்கு அது போதல. அஞ்சு சுரம் ஒண்ணுதான், சரி. ஆனா அதை வச்சுகிட்டு ஒவ்வொரு ஊர்க்காரங்களும் என்ன பண்றாங்கங்கறதுல தான் எனக்கு மொத்த ருசியும் இருக்கு.

முதல்ல ஏன் இந்த அஞ்சு? சட்ஜத்துலேர்ந்து, அதாவது பாட்டுக்கு வீடு மாதிரி இருக்கற ச-லேர்ந்து, பஞ்சமம் தாவுங்க, அந்த பஞ்சமத்தை சட்ஜமா நினைச்சு அதோட பஞ்சமத்துக்கு தாவுங்க, ரிஷபம் வரும், இன்னொரு தாவுல தைவதம், இன்னொண்ணுல காந்தாரம். நாலே தாவு, ச ப ரி த க முடிஞ்சுது. அடுத்தடுத்து இருக்கற ரெண்டு சுரத்துக்கு நடுவுல அரை சுர நெருக்கம் எங்கயுமே இல்லாததால எதை எதோட சேர்த்து வாசிச்சாலும் உரசாது. அதனாலதானோ என்னவோ சீனாவுலயும் இருக்கு, ஸ்காட்லாந்துலயும் இருக்கு, எத்தியோப்பியாவுலயும் இருக்கு. சிலப்பதிகாரத்துல ஆய்ச்சியர் குரவைல வர்ற முல்லைத்தீம்பாணி இந்த மோகனம்தான்னு இசை ஆராய்ச்சி பண்ணவங்க பலர் சொல்றாங்க. 2009ல நியூயார்க் வேர்ல்ட் சயின்ஸ் ஃபெஸ்டிவல்ல பாடகர் பாபி மெக்ஃபெரின் மேடைல அங்கங்க குதிச்சு குதிச்சு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சுரம்னு ரெண்டே ரெண்டு சொல்லிக்குடுப்பார், அப்புறம் சொல்லிக்குடுக்காத இடத்துல குதிப்பார், கூட்டம் மொத்தமும் இதே அஞ்சு சுர வரிசைல சரியான அடுத்த சுரத்தை பாடும். யூட்யூப்ல இருக்கு, பார்க்காதவங்க கண்டிப்பா பாருங்க.

இப்போ மறுபடி மை கேர்ளுக்கு வரேன். அந்த கிட்டார் ரெண்டு தடவை ச ரி க ப த ச போயிட்டு பாட்டு ஆரம்பிச்சதும் என்ன ஆகுதுன்னா, கீழ பேஸ் நகர்ந்து மத்தியமத்துக்கு, மோகனத்துல இல்லாத ம-வுக்கு, போயிடும், அதே கிட்டார் அங்கேர்ந்து மறுபடி அதே படிக்கட்டை கட்டும். அதாவது மத்தியமத்தை சட்ஜமா வச்சு ஒரு மோகனம், திரும்ப வந்து பழைய சட்ஜத்துல ஒரு மோகனம், வரி முழுக்க இப்படி மாறி மாறி போகும். நம்ம கணக்குல பார்த்தா மத்தியமம் வந்தாச்சு, மோகனம் போச்சு. அவங்க கணக்குல அந்த நகர்வுதான் பாட்டே, ஒருத்தன் தன் பொண்ணை நினைச்சு சந்தோஷத்துல நிலைகொள்ளாம இருக்கறது அந்த நகர்வுலதான் இருக்கு, வார்த்தைல இல்ல.

இதை கேட்ட சூட்டோட மதுரை மணி ஐயர் பாடின 'காபாலி' கேளுங்க, பாபநாசம் சிவன் பாட்டு, அதுவும் மோகனம்தான். இங்க சட்ஜம் ஒரு இன்ச் நகராது. தம்பூரா அதே இடத்துல நின்னுகிட்டே இருக்கும், அவர் காந்தாரத்துல ஒரு அசைவு, தைவதத்துலேர்ந்து சறுக்கி பஞ்சமத்துக்கு ஒரு இறக்கம், அப்புறம் சர்வலகுவா, அதாவது தாளத்தோட இயல்பா ஓடற மாதிரி, ஸ்வரம் போட ஆரம்பிச்சாருன்னா அவ்வளவுதான், நேரம் போறதே தெரியாது. தரை நகராததால சுரத்துக்கு உள்ள இறங்க முடியுது. அங்க தரை நகர்றதால சுரம் நேரா நிக்க வேண்டியிருக்கு, அந்த கிட்டார்ல கமகம் போட்டு சுரத்தை அசைச்சா, கூட சேர்ந்து ஒலிக்கற சுரக்கூட்டத்தோட, அதாவது கார்டோட, ஒட்டாது. எதையும் எதுக்கும் மேல வைக்கல நான். ஆனா இது புரிஞ்சதுலேர்ந்து எந்த இசை கேட்டாலும் எனக்கு முதல் கேள்வி இதுதான், இதுல சட்ஜம் எங்க இருக்கு, அது நிக்குதா நடக்குதா.

இந்த கேள்வியோட பேக்பைப் கேட்டா ரொம்ப ஆச்சரியமான ஒரு இடத்துக்கு போகும். ஜனவரி 29 டெல்லி விஜய் சவுக்ல குடியரசு தின விழாவை முடிச்சு வைக்கற பீட்டிங் ரிட்ரீட் நடக்கும்ல, தூர்தர்ஷன்ல நேரலை, நம்ம ராணுவத்தோட பைப் பேண்டுங்க வரும். எனக்கு அதை பார்த்தா நாதஸ்வரம் தான் ஞாபகம் வரும், ரெண்டுமே நாணல்ல காத்து ஊதற வாத்தியம், ரெண்டுக்கும் கூடவே ஓயாத ஒரு சுருதி. நாதஸ்வரத்துக்கு அதை ஒத்து ஊதறவர் பக்கத்துல உட்கார்ந்து பிடிச்சுகிட்டே இருப்பார் (இப்போ நிறைய இடத்துல சுருதிப் பெட்டி வச்சுடறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு, ஒத்தோட அந்த கணீர் பெட்டில வராது). பேக்பைப்ல தோள்ல சாஞ்சு நிக்கற மூணு குழாய் அந்த வேலையை பண்ணும். ஆனா நாதஸ்வரக்காரர் வாயிலயே துத்துகாரம் போட்டு சுரத்தை வெட்டலாம், பேக்பைப்ல வாய்க்கும் நாணலுக்கும் நடுவுல பை இருக்கறதால காத்தை நிறுத்தவே முடியாது. ஒரே சுரத்தை ரெண்டு தடவை வாசிக்கணும்னா கூட நடுவுல வேற ஒரு சுரத்தை விரலால சட்டுன்னு தட்டி எடுக்கணும். அந்த விரல் தட்டுதான் அவங்களோட அழகே, நாம கமகத்துக்கு உருகற மாதிரி அவங்க அதுக்கு உருகுவாங்க.

'அமேசிங் கிரேஸ்' எடுத்துக்குவோம். 1972ல ராயல் ஸ்காட்ஸ் டிராகூன் கார்ட்ஸ் பேண்ட் அதை பேக்பைப்ல வாசிச்சு பிரிட்டன்ல நம்பர் ஒன் ஆச்சு. மெட்டு மொத்தமும் மோகன சுரம்தான், ப ஸா கஸ கா ரீ ஸா த பா. சர்ச்ல ஆர்கன் வச்சு பாடினா எனக்கு அது மோகனமாதான் கேட்கும், அமைதியா, வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி. பேக்பைப்ல கேட்டா அப்படி இல்ல, அதுல ஒரு ஏக்கம், முடிஞ்சும் முடியாத மாதிரி. காரணம் அந்த குழாய்கள் பிடிக்கற சுருதி பாட்டோட சட்ஜத்துல இல்ல, பஞ்சமத்துல. பஞ்சமத்தை சட்ஜமா வச்சு மோகனத்தோட சுரங்களை கேட்டா அது சுத்த சாவேரி. இப்படி சட்ஜத்தை இடம் மாத்தி வேற ராகம் காட்டறதை கிரகபேதம்னு நாம கச்சேரில பெரிய வித்தையா கைதட்டி ரசிக்கறோம், அது அங்க வாத்தியத்தோட அமைப்புலயே தானா நடந்துகிட்டிருக்கு!

சட்ஜம் நகராமலே கூட வேற ஊருக்கு போகலாம்னு கத்துக்கிட்டது இந்துஸ்தானில. பூப், தேஷ்கார்னு ரெண்டு ராகம், ரெண்டுக்கும் அதே அஞ்சு சுரம். பூப் காந்தாரத்துல உட்காரும், சாயங்காலம் தாண்டி பாடறது. தேஷ்கார் தைவதத்துல உட்காரும், காலைல பாடறது. கிஷோரி அமோன்கர் பாடின பூப் ரெகார்டிங்ல 'சஹேலா ரே' இருக்கு, அதை லைட்டை அணைச்சுட்டு கேளுங்க, காந்தாரத்துக்கு எத்தனை வழியா வந்து சேர்றாங்கன்னு மட்டும் கவனிங்க.

அமெரிக்க கறுப்பின மக்களோட ப்ளூஸ் இசைல காந்தாரமே ஒரு இடத்துல நிக்காது. பி.பி. கிங் கிட்டார்ல கம்பியை இழுத்து சாதாரண காந்தாரத்துக்கும் (கீழ இருக்கற க) அந்தர காந்தாரத்துக்கும் (மேல இருக்கற க, மோகனத்துல வர்றது) நடுவுல ஒரு சந்துல நிறுத்துவார், மோகனமும் சுத்த தன்யாசியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்த மாதிரி. எழுதி காட்ட முடியாத சுரம் அது. எத்தியோப்பியாவுல திசிதான்னு ஒரு பாட்டு வகை, அதோட ஒரு வகை மோகன சுரம்தான், ஆனா பாடறவங்க குரல் நடுங்கி நெளிஞ்சு போறதை கேட்டா மோகனம்னு தோணவே தோணாது, மஹ்மூத் அஹ்மத் குரல்ல தேடி கேளுங்க.

நம்மூர்ல சட்ஜம் நிக்கற உலகம், தரை நடக்கற உலகம், இந்த ரெண்டையும் ஒரே பாட்டுக்குள்ள வச்சதுன்னா எனக்கு முதல்ல தோணறது 1988ல வந்த அக்னி நட்சத்திரம், 'நின்னுக்கோரி வர்ணம்'. இளையராஜா அந்த வர்ணத்தோட பேரையே பல்லவியா எடுத்து, மோகனத்துலயே மெட்டு போட்டு, சித்ராவை பாட வச்சு, கீழ மட்டும் பேஸையும் டிரம்ஸையும் நடக்க விட்டார். பாடறது கிளாஸ்ல கத்துக்கிட்ட மோகனம், தரை மட்டும் மேற்கத்திய தரை. மேல ஒண்ணும் கெடல பாருங்க, அதுக்கு எவ்வளவு அளந்து வச்சிருக்கணும்!

கையில கீபோர்ட் இல்ல போன்ல ஒரு பியானோ ஆப் இருந்தா இதை பண்ணி பாருங்க. கருப்பு கட்டைங்க ரெண்டு ஒரு கூட்டம், மூணு ஒரு கூட்டமா இருக்கும். மூணு கூட்டத்துல முதல் கட்டைலேர்ந்து ஆரம்பிச்சு கருப்பை மட்டும் வாசிங்க, மோகனம். அடுத்த கட்டைலேர்ந்து மத்யமாவதி, அதுக்கடுத்து ஹிந்தோளம், ரெண்டு கூட்டத்துல முதல் கட்டைலேர்ந்து சுத்த சாவேரி, ரெண்டாவதுலேர்ந்து சுத்த தன்யாசி. ஒவ்வொண்ணுக்கும் ஆரம்பிச்ச கட்டையை இடது கையால அமுக்கி பிடிச்சுகிட்டே வாசிங்க, அப்பதான் வித்தியாசம் தெரியும். கமெண்ட்ல உங்க மோகனப் பாட்டு எதுன்னு எழுதுங்க, எந்த ஊர் பாட்டா இருந்தாலும் சரி, சினிமா, கானா, பஜனை, கே-பாப் எதுவானாலும் நான் கேட்டுட்டு சட்ஜம் எங்க நிக்குதுன்னு பதில் போடறேன்.