பழைய தேக்கில் ஒரு புத்தக அலமாரி: வாங்கிய கருவிகளும் அவற்றின் முதல் உழைப்பும்

சென்னையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியை ஒட்டிய சிறிய அறையில், இடித்த வீடொன்றிலிருந்து வந்த தேக்கு நிலைச்சட்டங்களைக் கொண்டு ஆளுயரப் புத்தக அலமாரி ஒன்றைச் செய்து வருகிறேன். அதற்கென வாங்கிய கைக்கருவிகளையும் மின்கருவிகளையும் ஒவ்வொன்றாக மரத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு. கடையிலிருந்து வரும் வெட்டுக்கருவி பாதி முடிந்த பொருள்தான். மீதியை வாங்கியவரே செய்து முடிக்க வேண்டும். அதற்கு வேண்டிய சாணைக்கல்லும் மூலைமட்டமும் கிளாம்புகளும் இல்லாமல் எவ்வளவு விலையுயர்ந்த உளியை வாங்கினாலும் வேலை நகராது. ஆகவே ஒதுக்கியிருந்த தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இவற்றுக்கே முதலில் எடுத்து வைத்தேன்.

கைக்கருவிகளில் பெரும்பாலானவற்றைப் பாரிமுனை செம்புதாஸ் தெருவில் வாங்கினேன். இணையத்தில் விலை சற்றுக் குறைவாக இருந்தாலும், மூலைமட்டத்தைக் கண்ணால் பார்த்துச் சோதிக்காமல் வாங்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். சோதனை எளிது. நேரான விளிம்புள்ள ஒரு பிளைவுட் துண்டில் மூலைமட்டத்தை அணைத்து மெல்லிய கோடு ஒன்றை இழுத்து, பிறகு அதை மறுபுறம் திருப்பி அதே இடத்திலிருந்து இன்னொரு கோட்டை இழுத்தால், மட்டம் சரியாக இருக்கும்போது இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியும். பிழை இருந்தால் கோடுகள் விரியும், அந்த விரிவும் உண்மையான பிழையைப்போல் இரு மடங்காகத் தெரியும். கடைக்காரர் முகம் சுளிக்காமல், “நல்லா பாத்தே எடுங்க சார், அப்புறம் கோணல்னு திரும்ப வரக் கூடாது” என்று சொல்லி நான்கைந்து மட்டங்களை எடுத்து வைத்தார். அவற்றில் கோடுகள் ஒன்றிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

சாணைக்கு இருபுறமும் பயன்படும் சிலிக்கான் கார்பைடு கல் ஒன்றையும், 1000 கிரிட் (துகளின் நுண்மையைச் சொல்லும் எண்) வைரத்தகடு ஒன்றையும், கடைசி மெருகுக்கு ஒரு தோல் பட்டையும் அதில் தடவும் பச்சை மெருகுப்பசையும் வாங்கினேன். கார்போரண்டம் என்று நம் பட்டறைகளில் வழங்கும் இந்தக் கல்லுக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டன் நிறுவனங்களுடன் கூட்டாக 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் ஆலை திருவொற்றியூரில் இருக்கிறது. முனை உடைந்த உளிக்கு வடிவம் கொடுக்கச் சொரசொரப்பான கல் போதும். அன்றாடத் தீட்டலுக்கு வைரத்தகடே வசதி என்று கண்டேன், ஏனென்றால் கல்லைப்போல் அது நடுவில் குழிவதில்லை.

கோணத்தைக் கையால் பிடித்து நிறுத்தும் பழக்கம் வரும்வரை, இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் உருளை வைத்த கோணப்பிடி ஒன்று பெரிதும் உதவும். அதில் இழைப்புளித் தகட்டை 50 மில்லிமீட்டர் வெளியே நீட்டினால் 25 பாகையும், 38 மில்லிமீட்டர் நீட்டினால் 30 பாகையும் கிடைக்கும். உளிக்கு அதே கோணங்கள் 40, 30 மில்லிமீட்டரில் அமையும். ஒவ்வொரு முறையும் அளவுகோலை எடுக்காமல் இருக்க, ஒரு பலகைத்துண்டின் விளிம்பிலிருந்து இந்த நான்கு தூரங்களில் சிறு தடைக்கட்டைகளை ஒட்டி வைத்திருக்கிறேன். தகட்டைக் கட்டையில் முட்டும்வரை தள்ளித் திருகை இறுக்கினால் போதும், அடுத்த நிமிடம் தீட்டத் தொடங்கிவிடலாம். அறையில் இருக்கும் பொருள்களில் செலவே இல்லாமல் வந்து மிக அதிகம் உழைப்பது இந்தப் பலகைதான்.

இனி இழைப்புளி. ஐந்தாம் எண் இரும்பு இழைப்புளி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். லியனார்ட் பெய்லியின் காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியதிலிருந்து பரவிய அந்த எண்வரிசையையே இன்றும் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பின்பற்றுகிறார்கள். அதன்படி நான்காம் எண் மெருகிழைப்புக்கான குட்டை இழைப்புளி, ஐந்தாம் எண் ஏறத்தாழ 14 அங்குல நீளமும் 2 அங்குலத் தகடும் கொண்ட பொது இழைப்புளி. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு ஐந்தாம் எண்ணையே சொல்வேன். பலகையின் மேடுபள்ளத்தைச் சமன் செய்யும் நீளம் நான்காம் எண்ணுக்குப் போதாது. ஆனால் ஐந்தாம் எண்ணில் தகட்டை நன்றாகத் தீட்டிக்கொண்டால் மெருகிழைப்பையும் செய்துவிடலாம்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் அடிப்பகுதி முழுவதும் பென்சிலால் குறுக்குக்கோடுகள் போட்டு, தடித்த கண்ணாடிமேல் ஒட்டிய 80 கிரிட் உப்புத்தாளில் ஓட்டிப் பார்த்தேன். முன்முனையிலும் பின்முனையிலும் கோடுகள் அழிந்தன. தகடு வெளிவரும் வாயை ஒட்டிய பகுதியில் அப்படியே நின்றன. அந்த இடம் பள்ளமாக இருக்கிறது என்று பொருள். முன்முனை, வாயின் விளிம்பு, பின்முனை ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும், மற்ற இடங்களில் சிறு பள்ளம் இருப்பது வேலையைக் கெடுக்காது. தகட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, ஆனால் வேலையின்போது இருப்பதுபோலவே தகட்டை அழுத்திப் பிடிக்கும் மூடியை இறுக்கி வைத்துக்கொண்டுதான் தேய்க்க வேண்டும். மூடி இறுகும்போது இரும்பு உடல் மயிரிழை அளவு வளைவதால், தளர்த்தி வைத்துச் சமன்படுத்தினால் பிறகு அந்தச் சமன் நிற்காது. ஒரு மாலைப்பொழுது முழுவதும் இதற்கே போனது. அதன் பிறகு தகட்டின் தட்டையான முதுகை முனையிலிருந்து ஓர் அங்குலம் வரை முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்து, 25 பாகையில் சரிவும் முனையில் மட்டும் 30 பாகையும் கொடுத்தேன்.

சிப் பிரேக்கர் என்ற மேல்தகட்டைப் பலர் வெறும் மூடியாக நினைக்கிறார்கள். இழைப்புளியின் பாதி நுட்பம் அங்கேதான் இருக்கிறது. அதன் முனை, வெட்டும் விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் பின்னால் இருந்தால் வேகமாக, தடித்த சீவலாக எடுக்கலாம். அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக நெருக்கி வைத்தால், எழும் சீவல் நாரைப் பிய்த்துக்கொண்டு ஓடுவதற்குள் மடங்கி ஒடிந்துவிடும். இதைச் சோதிக்கவே, நார்கள் ஒன்றையொன்று எதிர்த்து ஓடும் ஒரு வேப்பந்துண்டை எடுத்துக்கொண்டேன். மேல்தகடு தள்ளியிருந்தபோது எந்தத் திசையில் இழைத்தாலும் பட்டை பட்டையாக நார் பெயர்ந்து பள்ளம் விழுந்தது. நெருக்கி வைத்து, சீவலையும் மெல்லியதாக்கியபோது அதே துண்டு, அதே இடத்தில், இரு திசையிலும் வழுவழுப்பாக வந்தது. விலை உயர்ந்த இழைப்புளிக்கும் நடுத்தர விலை இழைப்புளிக்கும் இடையிலான தூரத்தைப் பெரிதும் குறைத்துவிடும் வித்தை இது.

தேக்குக்கு வருவோம். பழைய மரத்தில் ஆணி இல்லாத சட்டம் அரிது; தலை ஒடிந்து உள்ளேயே துருப்பிடித்துக் கிடக்கும் ஆணிகளை வெறும் கண்ணால் காண முடியாது. பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டிச் சட்டத்தின் நான்கு பக்கமும் ஊசலாட விட்டு, அது சாய்ந்த இடங்களையெல்லாம் சாக்பீஸால் குறித்துத் தோண்டி எடுத்த பிறகே சட்டங்களை அறுவை மில்லுக்குக் கொண்டுபோய் ஓரங்குலப் பலகைகளாக அறுத்து வாங்கினேன். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் முனை விரைவில் மழுங்கும். சீவல் சுருண்டு வராமல் தூளாக உதிரத் தொடங்கும்போதும், இழைப்புளியை அழுத்திப் பிடித்தால்தான் வெட்டுகிறது என்னும் நிலை வரும்போதும் தீட்டிவிட வேண்டும். மர வேலையில் செலவான நேரத்தில் கணிசமான பகுதி சாணையில்தான் கழிந்தது. அதற்காக நான் வருந்தவில்லை.

நிலைச்சட்டத்தின் அகலம் 4 அங்குலமே ஆதலால், தட்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்ட வேண்டியிருந்தது. இரு பலகைகளையும் புத்தகத்தை மூடுவதுபோல் முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்து, இரண்டு விளிம்புகளையும் ஒன்றாக இழைத்தால், கை சற்றே சாய்ந்து கோணம் தவறினாலும் விரித்து வைக்கும்போது ஒன்றின் சாய்வை மற்றது ஈடுகட்டிவிடும். விரித்துச் சேர்த்த விளிம்புகளுக்குப் பின்னால் டார்ச்சை வைத்து, வெளிச்சம் கசியாதவரை மெல்லிய சீவல்களாக எடுத்து, ஃபெவிகால் பூசிக் கிளாம்பில் இறுக்கினேன். கிளாம்புகளை ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாற்றி மாற்றிப் போட்டதால் பலகை வளையாமல் நின்றது.

உளிகளில் 6, 12, 18, 25 மில்லிமீட்டர் என நான்கு போதுமானவை. தட்டுகள் அமர்வதற்கான குறுக்குக்காடிகளை, இழுக்கும்போது வெட்டும் ஜப்பானிய ரம்பத்தால் இரு கரைகளையும் அறுத்துக்கொண்டு, நடுவிலுள்ள மரத்தை 18 மில்லிமீட்டர் உளியாலும் கொட்டாப்புளியாலும் எடுத்தேன். அந்த ரம்பத்தின் தகடு இழுவிசையில் வேலை செய்வதால் மெல்லியதாக இருக்கிறது, வெட்டும் ஒடுக்கமாக விழுகிறது, தொடங்குவதும் எளிது. ஆனால் அதன் பற்கள் மின்முறையில் கடினமாக்கப்பட்டவை. மழுங்கினால் அரம் பிடிக்காது, தகட்டையே மாற்ற வேண்டும். முப்பட்டை அரத்தால் பலமுறை தீட்டிக்கொள்ளக்கூடிய நம் ஊர்க் கைரம்பத்தை முரட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு, இதை நுண்ணிய இணைப்புகளுக்கு மட்டும் எடுப்பது என்று வைத்திருக்கிறேன்.

மின்கருவிகளில் முதலாவது, பேட்டரியில் ஓடும் டிரில். 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் என்றும் எழுதிய பெட்டிகளைப் பார்த்து இரண்டாவது வலிமையானது என்று எண்ணத் தேவையில்லை. இரண்டிலும் ஐந்து லித்தியம் செல்கள்தான் வரிசையாக இருக்கின்றன. செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தமான 3.6 வோல்ட்டைக் கொண்டு பெருக்கினால் 18, முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையைக் கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ 20. அலமாரி வேலைக்கு மூன்று செல் கொண்ட 12 வோல்ட் வகையே போதும், கைக்கும் இலகு. முதுகுப் பலகைக்குப் பித்தளைத் திருகாணிகளைத் தேர்ந்ததால் ஒரு முறையைக் கையாண்டேன்: எட்டாம் எண் திருகாணிக்கு 3 மில்லிமீட்டரில் துளையிட்டு, முதலில் அதே அளவுள்ள இரும்புத் திருகாணியை இறக்கிக் கழற்றி, மரையின் பாதை உருவான பிறகே பித்தளையை இறக்குவது. நேரடியாக இறக்கினால் தேக்கின் கடினம் பித்தளையின் கழுத்தை முறித்துவிடும்.

பலகைகளை நீளம் வெட்ட என்ன வாங்குவது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. நம் ஊரில் கல்லறுக்கும் 110 மில்லிமீட்டர் கட்டிங் மெஷினில் மரமறுக்கும் பல் பிளேடை மாட்டி வேலை செய்வது மிகச் சாதாரணமாகிவிட்டது. அது நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கும் மேல் ஓடும் கருவி. கல்லுக்கான வழவழப்பான வட்டத்தை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. மரத்திலிருந்து வெளியே எடுத்ததும் பிளேடைத் தானே மூடிக்கொள்ளும் கீழ்க்காப்பு அதில் கிடையாது. பல் மரத்தில் கவ்விக்கொண்டால் கருவி பின்னோக்கி எகிறும்போது திறந்த பிளேடு கைக்கும் தொடைக்கும் நேராக வருகிறது. ஐயாயிரத்து ஐந்நூறு சுற்றுக்குள் ஓடும், வில்விசைக் காப்பு உள்ள 7 அங்குல சர்குலர் ரம்பத்தையே கூடுதல் பணம் கொடுத்து வாங்கினேன். விலை வித்தியாசத்தைக் காரணமாகச் சொல்லும் நண்பர்களிடம் கைரம்பத்தாலேயே அறுங்கள் என்றுதான் மன்றாடுகிறேன். அதைவிட மோசமானது, ஆங்கிள் கிரைண்டரில் மரப் பிளேடு மாட்டுவது. தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

கடைசியாக வந்தது டிரிம்மர், அதாவது சுழலும் வெட்டுமுனையால் காடி எடுக்கவும் விளிம்பு இழைக்கவும் உதவும் சிறு மின்கருவி. முதுகுப் பிளைவுட் நுழையும் காடிக்காக இதை வாங்கினேன். அந்த வெட்டுமுனையான பிட்டை வாங்கும்போது தண்டின் அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், அதற்கான பிடியில் 6 மில்லிமீட்டர் தண்டை இறுக்கினால் இறுகியதுபோல் தோன்றும், ஆனால் முப்பதாயிரம் சுற்றில் நழுவி வெளியேறும். ஓட்டும் திசையும் முக்கியம். பலகையின் விளிம்பு நம்மை நோக்கி இருந்தால் அதை இழைக்கும்போது இடமிருந்து வலமாகத்தான் தள்ள வேண்டும், மாற்றித் தள்ளினால் கருவி கையை மீறி ஓடப் பார்க்கும். 6 மில்லிமீட்டர் ஆழத்தை ஒரே மூச்சில் எடுக்காமல் 2 மில்லிமீட்டர் வீதம் எடுத்ததால் தேக்கு கருகவில்லை, காடியின் கரைகளும் சிதறவில்லை. தூள் மிகுதியாகப் பறக்கிறது. கண்ணாடியும் என்95 முகக்கவசமும் இல்லாமல் இதை இயக்குவதில்லை. கடல்காற்றுக்கு இரும்பு துருப்பிடிக்காமலிருக்க, வேலை முடிந்ததும் இழைப்புளிக்கும் உளிகளுக்கும் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு.

பசையில்லாமல் கூட்டிப் பார்த்ததில் தட்டுகள் காடிகளில் கையால் அழுத்தினாலே அமர்கின்றன, குறுக்கு மூலைகளின் அளவும் ஒன்றாக இருக்கிறது. முழு அலமாரியையும் ஒரே நேரத்தில் இறுக்க இப்போதுள்ள கிளாம்புகள் போதா என்பதால், மூன்றடி பார் கிளாம்புகள் இன்னும் இரண்டு வாங்கி வந்த பிறகே பசை பூசப் போகிறேன்.