பாக்குவெட்டி பாக்க புனே போன கதை

மொதல்லயே சொல்லிடறேன், புனே ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற ஆட்டோல ஏறாதீங்க. நான் போக வேண்டிய மியூசியம் இருக்கற பாஜிராவ் ரோடு வரைக்கும் அங்கேர்ந்து சுமார் நாலு கிலோமீட்டர், அதுக்கு ஒருத்தர் முன்னூறு ரூபா கேட்டாரு. மீட்டர் போடுங்கன்னா "மீட்டர் கராப்". பக்கத்துல இருந்தவர்கிட்ட போனா அவருக்கும் மீட்டர் கராப். ஊர்ல இருக்கற மீட்டர் எல்லாம் ஒரே ராத்திரில செத்துப் போச்சு போல. என் ஹிந்தி "கித்னா" "நஹி" ரெண்டோட முடிஞ்சிடும், முதுகுல பை, ராத்திரி பூரா ரயில்ல தூக்கமில்ல, பாக்குவெட்டில அகப்பட்ட பாக்கு மாதிரி ரெண்டு ஆட்டோக்கு நடுவுல நின்னுட்டு கடைசில இருநூத்தம்பதுக்கு ஏறிட்டேன். வயிறு எரிஞ்சது அப்ப இல்ல, அப்புறம்தான். ஸ்டேஷன்லயே மெட்ரோ இருக்கு, சிவில் கோர்ட்ல எறங்கி லைன் மாறினா மண்டை ஸ்டேஷன், அங்கேர்ந்து பத்து நிமிஷ நடை, மொத்தமா ஒரு டீ பன்னு காசுதான் ஆகும். (ஸ்டேஷன் பேரே மண்டை தான், நம்ம மண்டை இல்ல, மராத்தில காய்கறி மார்க்கெட்டுன்னு அர்த்தம். எனக்கு அன்னிக்கு ரெண்டு அர்த்தமும் பொருந்துச்சு.)

சரி எதுக்கு போனேன்னா, ராஜா தினகர் கேள்கர் மியூசியம். எங்க ஆபீஸ்ல ஒரு புனேக்கார பையன் "எங்க ஊர்ல பாக்குவெட்டிக்குன்னே ஷோகேஸ் இருக்கு"ன்னு சொன்னான், அன்னிக்கு ராத்திரியே டிக்கெட் போட்டுட்டேன். ஸ்லீப்பர்தான், ஏசிக்கெல்லாம் பட்ஜெட் இல்ல. ரயில் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல, குண்டக்கல்ல தூங்கி சோலாப்பூர்ல முழிச்சேன்.

பாக்குவெட்டி மேல ஏன் இவ்ளோ பைத்தியம்னு கேப்பீங்க. எங்க அப்பாயி கும்பகோணத்துக்காரங்க. கையில எப்பவும் ஒரு இரும்பு பாக்குவெட்டி இருக்கும். தீட்டித் தீட்டி பிளேடு நடுவுல குழிஞ்சு போயிருக்கும், மூடினா ரெண்டு பக்கமும் ஒட்டும், நடுவுல மட்டும் பிறை மாதிரி ஒரு இடுக்கு தெரியும். அந்த இடுக்கு வழியா என்னைப் பாத்து கண்ணடிப்பாங்க. பல்லு போனப்புறம் சின்ன உரல்ல இடிச்சு போட்டுக்கிட்டாங்க, ஆனா பாக்கை வெட்டிட்டுதான் இடிப்பாங்க. அவங்க போனப்புறம் வீடு காலி பண்றப்ப யாரோ அதை "பழைய இரும்பு ஈயம் பித்தாளைக்கு பேரீச்சம்பழம்"காரர்கிட்ட போட்டுட்டாங்க. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் வீட்டுல ஒருத்தரும் ஒத்துக்கல. பேரீச்சம்பழம் மட்டும் எல்லாரும் தின்னோம்.

மியூசியம் வெளியேர்ந்து பாத்தா பெருசா ஒண்ணும் தெரியாது, மூணு மாடி பழைய கட்டடம். இதை உண்டாக்கினவரு தினகர் கங்காதர் கேள்கர், 1896ல பொறந்தவரு, குடும்பத்துக்கு மூக்குக் கண்ணாடி வியாபாரம், இவரு அஞ்ஞாதவாசிங்கற பேர்ல மராத்தில கவிதை எழுதுவாரு. 1920 வாக்குல பழைய சாமான் சேக்க ஆரம்பிச்சாரு. ஏழு வயசுல செத்துப்போன தன் ஒரே பையன் ராஜா பேரைத்தான் 1962ல மியூசியத்துக்கு வெச்சாரு, 1975ல மொத்தத்தையும் மகாராஷ்டிரா அரசாங்கத்துக்கு குடுத்துட்டாரு. 20,000 பொருளுக்கு மேல இருக்காம், வெளியில வெச்சிருக்கறது சுமார் 2,500தான். அந்த ரெண்டாயிரத்து ஐநூறுக்கே எனக்கு கால் போயிடுச்சு.

அந்த மனுஷன்கிட்ட எனக்கு பிடிச்சதே என்ன சேத்தாருங்கறதுதான். ராஜா சிம்மாசனம், வைரம் வைடூரியம்னு போகல. விளக்கு, மைக்கூடு, பூட்டு, கதவு, கால் தேய்க்கற வஜ்ரி, சமையல்கட்டு சாமான். நூறு வருஷம் முன்னாடி ஜனங்க தூக்கிப் போட்டதை இவரு பொறுக்கி எடுத்திருக்காரு. பேரீச்சம்பழக்காரருக்கு முன்னாடி அந்த வீட்டு வாசலுக்கு போன ஆளுன்னு வெச்சுக்கங்களேன். எங்க தெருவுக்கு அப்படி ஒருத்தர் வரல, அவ்ளோதான்.

மஸ்தானி மஹால்னு ஒரு ஹால் இருக்கு, மராட்டிய பேஷ்வா பாஜிராவ் தன் பொண்டாட்டி மஸ்தானிக்கு கட்டின மாளிகைலேர்ந்து கொண்டாந்து திரும்ப பொருத்தினது, எல்லாரும் அங்கதான் கூட்டமா நிக்கறாங்க. நல்லாத்தான் இருக்கு. நான் ரெண்டு நிமிஷத்துல தாண்டிட்டேன். கத்தி, வாள், கேடயத்தையும் தாண்டிட்டேன். வாளுக்கு எந்த ஊர் மியூசியத்துலயும் எடம் கெடைக்கும். ஒரு வாள் தன் ஆயுசுல எத்தனை தடவை வெட்டியிருக்கும் சொல்லுங்க? பாதி வாள் உறைய விட்டே வந்திருக்காது. ஒரு பாக்குவெட்டி ஒரு நாளைக்கு இருபது தடவை வெட்டும், நாப்பது வருஷத்துக்கு வெட்டும், அதைப் பத்தி எவனும் சரித்திரம் எழுத மாட்டான்.

கடைசில வந்துச்சு அந்த ஷோகேஸ். யப்பா.

நான் நெனச்சது ஒரு பத்து பன்னண்டு இரும்புத் துண்டு கெடக்கும்னு. இங்க பாத்தா கிளி, மயில், குதிரை மேல ஆளு, ஆணும் பொண்ணும் கட்டிப் புடிச்சுட்டு நிக்கற ஜோடி, எல்லாம் பித்தளைல, எல்லாமே பாக்குவெட்டி! கிளி மூக்கு ஒரு பக்கம், வால் ரெண்டா பிரிஞ்சு அதுவே ரெண்டு கைப்பிடி. ஜோடி இருக்கு பாருங்க, அதுதான் குசும்பு: மூடியிருந்தா ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு நிப்பாங்க, கைப்பிடிய விரிச்சா பிரிஞ்சிடுவாங்க, பாக்கு உள்ள வெச்சு அமுக்கினா மறுபடி சேந்துடுவாங்க. கல்யாண வீட்டுக்கு சீர் குடுக்க இதைவிட என்ன வேணும்? சிலதுல கைப்பிடிலயே குட்டியா சுண்ணாம்பு டப்பா சேத்து வெச்சிருக்கான்.

கிட்டப் போய் கண்ணாடில மூக்கை ஒட்டிப் பாத்தேன் (மூச்சு பட்டு கண்ணாடி மங்கிடுச்சு, துப்பட்டாவால தொடச்சேன், செக்யூரிட்டி அண்ணன் ஒரு மாதிரி பாத்தாரு). கலைநயம்னு எல்லாரும் கிளியத்தான் பாக்கறாங்க, நான் பாத்தது பிளேடு. பித்தளை மெத்துனு இருக்கற உலோகம், அதுல கூர் நிக்காது. அதனால உடம்ப பித்தளைல வார்த்து, வெட்டற எடத்துல மட்டும் இரும்புத் தகடு வெச்சு ஆணி அடிச்சு பொருத்தியிருக்கான். ஆனா அந்த கூர் மேல் கைலதான் இருக்கு. கீழ் கை சும்மா தட்டையா இருக்கும், அதுதான் பாக்குக்கு மேடை. கத்திரிக்கோல்ல ரெண்டு பிளேடு ஒண்ணை ஒண்ணு உரசி வெட்டும், இதுல ஒண்ணுதான் வெட்டும், இன்னொண்ணு தாங்கும். ஒரு ஓரத்துல ரொம்ப சாதாரணமா ஒண்ணு இருந்துச்சு, கிளி கிடையாது மயில் கிடையாது, ஆனா பிளேடு நடுவுல குழிஞ்சு, அதே பிறை மாதிரி இடுக்கு. அங்க கொஞ்ச நேரம் நின்னேன். அழுதேன்னெல்லாம் எழுத மாட்டேன். நின்னேன்.

பக்கத்துல ஒன்பது கெஜம் புடவைல ஒரு ஆஜி (மராத்தில பாட்டி), பேரனோட வந்திருந்தாங்க. நான் அதையே பாத்துட்டு நிக்கறதப் பாத்து மராத்தில ஏதோ கேட்டாங்க, எனக்கு "அட்கித்தா"ங்கற ஒரு வார்த்தைதான் புரிஞ்சுது. அதுதான் மராத்தில பாக்குவெட்டிக்கு பேரு. கன்னடத்துல பாக்கு அடிகே, மலையாளத்துல அடக்கா, நம்ம பழைய தமிழ்ல அடைக்காய், பெருமாள் கோயில் பக்கம் இன்னும் அடைக்காய் அமுதுன்னுதான் சொல்லுவாங்க. நான் ஷோகேஸை காட்டி "அடைக்காய்"னேன், அவங்க "அட்கித்தா"ன்னாங்க, ரெண்டு பேரும் சிரிச்சோம், பேரன் நடுவுல ஹிந்தில மொழிபெயர்க்க பாத்தான், அவனை யாரு கேட்டா. அப்புறம் அந்த ஆஜி வெறுங்கையாலயே வெட்டிக் காட்டினாங்க: எடது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பாக்கை புடிச்சுக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா உருட்டும், வலது கை சும்மா மூடித் திறக்கும். அப்பாயி கை அப்படியே. அந்த ரெண்டு விரல் நுனியும் பிளேடுக்கு எவ்ளோ பக்கத்துல போகுதுன்னு இப்பதான் கவனிச்சேன், சின்ன வயசுல பயமே இருந்ததில்ல.

அதுக்கடுத்து விளி. நம்ம அருவாமனைதான், வேற ஒண்ணுமில்ல, பலகை மேல வளைஞ்ச பிளேடு, நுனில தேங்கா துருவற பல்லு. இங்க சிலதுல பிளேடு மடங்கும், வேலை முடிஞ்சா படுக்க வெச்சுடலாம். குழந்தை தவழ்ற வீட்டுக்கு எவ்ளோ புத்திசாலித்தனம்! எங்க வீட்டு அருவாமனை மடங்காது, அதுக்கு என் முட்டில ஒரு தழும்பு சாட்சி. கத்தின்னா காய் சும்மா இருக்கும், கத்தி நகரும். அருவாமனைன்னா பிளேடு அசையாது, கால் பலகைய மிதிச்சுக்கும், ரெண்டு கையும் காய்க்கு ஃப்ரீ. பூசணிக்காய வெட்டிப் பாருங்க, எது சுலபம்னு தெரியும். வங்காளிங்க பெரிய மீனையே இந்த மாதிரி உக்காந்துதான் வெட்டறாங்க. மேடை சமையலறை வந்துச்சு, தரைல உக்கார்றது போச்சு, அதோட இதுவும் போச்சு.

டைமிங், டிக்கெட், என்ன வரிசைல பாக்கணும்னு எல்லாம் தெளிவா எழுதறேன்னு தங்கச்சிகிட்ட சொல்லிட்டு வந்தேன். காலைல பத்துக்கு திறக்கறாங்க, திறந்ததும் போங்க, அவ்ளோதான் என் அறிவுரை. மூணு மணி நேரம் ஒதுக்குங்க. இசைக்கருவி ரூம் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, நான் ஓடிக்கிட்டே பாத்தேன், பசி.

சாப்பாடு! வெளில வந்து நடந்து ஒரு சின்ன கடை, போர்டு முழுக்க மராத்தி, மேஜைக்கு பத்து பேரு. மிசள் பாவ். மொளகட்டின பயறு, மேல ஒரு கை மிக்சர், வெங்காயம், கொத்தமல்லி, தனியா ஒரு கிண்ணத்துல செக்கச்செவேல்னு எண்ணெய் மெதக்கற குழம்பு. நான் திமிர்ல அந்த குழம்பு மொத்தத்தையும் ஊத்திட்டேன். மூக்கு கண்ணு காது எல்லாத்துலேர்ந்தும் தண்ணி. எதிர்ல உக்காந்திருந்த அண்ணன் ஒண்ணுமே சொல்லாம மோர் கிளாசை என் பக்கம் தள்ளினாரு. ஆனா விடல, ரெண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டேன். காலைல ஆட்டோக்கு அழுத காசுல இதை ரெண்டு பிளேட் சாப்ட்டிருக்கலாம்னு கணக்கு போட்டதும்தான் அந்த வயித்தெரிச்சல் ஆரம்பிச்சுது, மிசளும் கூட சேந்துக்கிச்சு.

அப்புறம் துளசிபாக் கடைத்தெரு. மகாத்மா புலே மண்டை இருக்கு பாருங்க, 1886ல வெள்ளைக்காரன் ரே மார்க்கெட்டுன்னு கட்டினது, அதுக்கு பக்கத்துலயே. வளையல், பாத்திரம், சாமி சாமான், குறுகலான சந்து, ஆளை ஆள் தள்ளிட்டு போகுது. ஒரு பாத்திரக் கடைல "அட்கித்தா"ன்னு கேட்டேன் (ஆஜிக்கு நன்றி). பெரியவர் ஒரு டப்பாவேர்ந்து நாலு எடுத்துப் போட்டாரு. ரெண்டு வெறும் தகரம், ஒண்ணு கிளி, டூரிஸ்டுக்கு, பிளேடு மொக்கை, நானூத்தம்பது. இன்னொண்ணு கனமான இரும்பு, கைப்பிடி நுனி சுருண்டிருக்கு, அலங்காரமே இல்ல. முன்னூத்தம்பது. கையில ஒரு பாக்கு குடுத்து வெட்டிப் பாரும்மான்னு சைகை காட்டினாரு. நான் நுனில வெச்சு அமுக்கினேன், ம்ஹூம், பாக்கு வழுக்கி பக்கத்து கடை குங்குமத் தட்டுல போய் விழுந்துச்சு. பெரியவர் சிரிச்சுட்டு இன்னொரு பாக்க எடுத்து கீலுக்கு ஒட்டி உள்ள தள்ளி வெச்சாரு, ரெண்டு விரல்ல கைப்பிடிய அமுக்கினாரு, டக். கீல்கிட்ட வெச்சா கைப்பிடி நீளம் முழுக்க நமக்கு பலமாயிடுது, நுனில வெச்சா நம்ம கை பலம்தான். இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், இது தெரியல.

பாக்கு போட சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி பிரிவு சொல்லி எத்தனையோ வருஷம் ஆச்சு, நான் வாயில வெக்கறதில்ல. கருவி மேலதான் ஆசை.

பேரம் பேசினேன். முன்னூறு. அதுக்கு கீழ அவரு எறங்கல, பேப்பர்ல சுத்தி கயிறு கட்டி குடுத்தாரு. திரும்பி வர்றப்ப மெட்ரோதான், சத்தியமா.

வீட்டுக்கு வந்ததும் அப்பாகிட்ட குடுத்தேன். பிரிச்சாரு, ஒண்ணும் பேசல, ரெண்டு தடவை மூடித் திறந்தாரு, பிளேடு மேல குறுக்க கட்டைவிரலை மெதுவா இழுத்துப் பாத்துட்டு, "தீட்டணும்"னு சொல்லி பின்கட்டுக்கு சாணைக்கல்லு தேடப் போயிட்டாரு. அங்கேர்ந்தே, "எவ்ளோடீ குடுத்த?"ன்னாரு.

நூத்தம்பதுன்னேன்.