தோணிக்கு எங்கே இடம்?

மட்டக்களப்பு வாவிக்கரையில் நடக்கவும் சைக்கிள் ஓடவும் ஒரு பாதை போடப்போகிறார்களாம். கருத்துச் சொல்ல வரச் சொன்னார்கள், போனேன்.

கூட்டம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு. இரவெல்லாம் இறாலுக்கு வலை போட்டவர்கள் அந்நேரம் தூக்கத்தில் இருப்பார்கள். அதனால் வந்திருந்தவர்களில் பாதிப்பேர் என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள். சுவரில் ஒட்டியிருந்த படம் அழகுதான். வாங்குகள், விளக்குகள், நடுவில் ஒரு மீன் சிலை. எங்கள் வாவியின் பேர்போன பாடும் மீனுக்குச் சிலை வைக்க இடம் இருக்கிறது, பிடித்த மீனை இறக்கத்தான் இடம் இல்லை. தோணி ஒன்றைக்கூடக் கீறவில்லை.

பாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்லடியிலிருந்து புளியந்தீவுக்கு இன்றும் சைக்கிளில்தான் போகிறேன். 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகு பழைய லேடி மனிங் பாலத்தில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. ஆனால் காலை நடைக்காரர் நாலுபேர் கைகோத்து வந்தால் மணியடித்தே கை வலிக்கும். புதுப்பாதையிலாவது நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் இடையில் ஒரு கட்டு வையுங்கள், வெறும் வெள்ளைக்கோடு போதாது என்றேன். மோட்டார் சைக்கிள் நுழையாமல் தூண் நட வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். சரிதான்.

எனக்கு உண்மையில் கவலை தண்ணீர் மட்டம்தான். கோடையில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடக்கும், வாவி கீழே இறங்கி நிற்கும். மாரியில் மழைத்தண்ணீர் எல்லாம் இங்கே வந்து சேர்ந்து, முகத்துவாரத்தை வெட்டிவிடும்வரை ஏறிக்கொண்டே போகும். ஆவணியில் அளந்து போடும் பாதை மார்கழியில் வாவிக்குள் கிடக்கும். அதற்குப் பயந்து உயரமாகக் கொங்கிரீட் சுவர் கட்டினாலோ, ஊர்ப்பக்கத்து வெள்ளம் வாவிக்கு இறங்க வழியிராது. கண்டல் மரங்களை வெட்டாமல் பாதையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, இடையிடையே மதகு வைத்தால் என்ன?

பக்கத்து வீட்டுத் தம்பி வலை வீசுகிறவர். அவரிடம் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "எனக்கு பிளானெல்லாம் விளங்காது டீச்சர். 2011 வெள்ளத்துக்குத் தண்ணி எது மட்டும் வந்தது எண்டு கேட்டா, காட்டித் தருவன்" என்றார். அந்தப் படத்தில் கீற வேண்டிய முதல் கோடு அதுதானே!

அடுத்த கூட்டத்தைப் பின்னேரத்தில், தோணி கட்டும் கரையிலேயே வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கரையோரத்தில் இருப்பவர்கள் நீங்களும் எழுதுங்கள். உங்கள் வீட்டில் வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது, தோணியை எங்கே இழுத்து வைக்கிறீர்கள், அவ்வளவு போதும்.