சந்தேகம் மட்டும் இருந்தபோது

"உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று, எங்கள் அளவுத்திருத்தக் கோப்பின் பிழையால் தம் கட்டுரை பொய்த்துப்போன ஓர் இளம் ஆய்வாளர் கேட்டார். "சந்தேகம் இருந்தது" என்றேன். உண்மையான பதில்தான். ஆனாலும் அதைச் சொன்னதிலிருந்து மனம் ஆறவில்லை.

விண்வெளித் தொலைநோக்கியின் எக்ஸ்ரே உணர்கருவியின் வடிகட்டியில் படியும் கரிமப் படலம், குறைந்த ஆற்றல் கதிர்களை விழுங்கும். கருவியின் பிசகுகளைச் சரிசெய்ய நாங்கள் வெளியிடும் அளவுத்திருத்தக் கோப்பில் அதன் தடிமன் குறைவாக இருந்தால், கதிர் வரும் வழியில் இல்லாத வாயு அதை விழுங்கியதாகத் தோன்றும். அவருடைய கட்டுரையின் அடித்தளமே அந்த உபரி வாயுதான்.

அந்தக் கட்டுரை வெளிவருவதற்கு முன்பே ஈ0102 சூப்பர்நோவா எச்சத்தை, அதாவது ஒளி நிலையானதால் அளவுகோலாகப் பயன்படும் ஒரு வெடித்த விண்மீனின் மிச்சத்தை, நோக்கியிருந்தோம். 0.65 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இருக்கும் ஆக்சிஜன் கோட்டில் அளந்த புள்ளிகள் எதிர்பார்த்த வளைவுக்குக் கீழே வரிசையாகக் கிடந்தன, ஆற்றல் கூடிய 1.02-இல் இருக்கும் நியான் கோட்டில் பிசகில்லை. படலம்தான் என்று உள்ளுக்குள் பட்டது. ஆனால் கையில் இருந்தது ஒரே நோக்கல். சோதனைக்காகக் கருவியோடு செல்லும் இரும்பு-55 என்ற கதிரியக்கப் பொருள் இதற்கு உதவாது: ஆற்றல் மிகுந்த அதன் 5.9 கோடு படலத்தை ஏறக்குறைய அப்படியே கடந்துவிடும்; 2.7 ஆண்டு அரை ஆயுள் என்பதால் அதுவும் மங்கிக்கொண்டே வரும். அடுத்த நோக்கலுக்காகக் காத்திருந்தோம். அது உறுதிசெய்த பிறகே புதிய கோப்பை வெளியிட்டோம்.

காத்திருந்தது சரி என்றே இன்றும் வாதிடுவேன். எல்லோரும் அளவுகோலாக நம்பிய நண்டு நெபுலாவே 2008-க்கும் 2010-க்கும் இடையில் எக்ஸ்ரேயில் சுமார் 7 விழுக்காடு மங்கியது. பல விண்கலங்களின் அளவீடுகளை ஒப்பிட்டதால்தான் கருவிகள் மேல் பழி விழவில்லை. அவசரப்பட்டுக் கோப்பைத் திருத்தினால் வானத்தின் மாற்றத்தையே அழித்துவிடுவோம்.

ஆனால் கோப்பைத் திருத்தாமலேயே ஒரு வரிக் குறிப்பு எழுதியிருக்கலாமே? ஒவ்வொரு ஐயத்தையும் எழுதினால் குறிப்புகளை யாரும் படிக்க மாட்டார்கள் என்பார் உடன் பணியாற்றுபவர். நானும் அப்படிச் சொன்னதுண்டு. அந்த ஆய்வாளரோ எங்கள் குறிப்புகளை வரி விடாமல் படிப்பவர்.

பேச்சை முடிக்கும் முன், "இப்போது வேறு ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டார். தயங்கினேன். உணர்கருவியின் ஓரங்களில் படலம் நாங்கள் கணக்கிட்டதைவிடத் தடித்திருக்கலாம் என்று தோன்றுவதாகச் சொன்னேன். அவர் ஓரத்தில் விழுந்த எக்ஸ்ரே மூலங்கள் அனைத்தையும் தம் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். அந்தச் சந்தேகத்துக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அது வீண் என்றால், நல்ல தரவுகளைத் தூக்கியெறிய வைத்தவன் நான்தான்.