பெர்லின் முதியோர் இல்லம்: தரையில் மிஞ்சிய சுவர்கள்

பெர்லினின் ஒரானியன்பூர்கர் ஸ்ட்ராஸ எஸ்-பான் (நகர ரயில்) நிலையத்தில் இறங்கி, கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் இடப்பக்கம் க்ரோஸ ஹாம்பூர்கர் தெரு பிரிகிறது. 26ஆம் எண்ணில் இப்போது கட்டடம் இல்லை. வில் லாமர்ட் வடித்த 13 வெண்கல உருவங்கள் நிற்கின்றன. வருபவர்கள் அவற்றைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் அவை ராவன்ஸ்ப்ரூக் என்ற நாஜிப் பெண்கள் வதைமுகாமின் நினைவிடத்துக்காக உருவானவை. 1985இல்தான் இங்கே வந்தன. இந்த இடத்துக்கே உரியதைப் பார்க்கத் தரையைக் கவனிக்க வேண்டும். அங்கே தெரியும் கல் வரிசை, பெர்லின் யூத சமூகம் 1844இல் இங்கே திறந்த முதியோர் இல்லத்தின் சுவர்த்தடம்.

1942இல் நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ அந்த இல்லத்தைப் பிடுங்கி, நாடுகடத்தலுக்கு யூதர்களை அடைத்துவைக்கும் முகாமாக்கியது. ஜன்னல்களுக்குக் கம்பி போட்டார்கள். அங்கே வாழ்ந்த முதியவர்களை, இன்றைய செக் நாட்டில் நாஜிகள் நடத்திய தெரேசியன்ஸ்டட் முகாமுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பிய முறை கொடூரமானது. ஆயுள் முழுக்கத் தங்குமிடம், சாப்பாடு, மருத்துவம் என்று உறுதி தரும் ஒப்பந்தத்தில் முதியவர்களிடம் கையெழுத்து வாங்கி, சேமிப்பு முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது நெரிசலும் பசியும் நோயும்தான். 50 பேர், 100 பேர் எனச் சிறு குழுக்களாக அழைத்துப்போனதால் தனி ரயில் தேவைப்படவில்லை. பெர்லினின் அன்ஹால்ட்டர் ரயில் நிலையத்தில் வழக்கமான பயணிகள் ரயிலிலேயே கூடுதல் பெட்டி கோத்தார்கள். ஊரார் கண்ணெதிரே நடந்த காரியம் இது. அந்த ஒரு நிலையம் வழியாக மட்டும் 9,600க்கும் மேற்பட்டோர் போனார்கள்.

நினைவுக்கல்லில் 55,000 என்ற எண்ணைப் பார்த்து, அத்தனை பேரும் இந்த வீட்டிலிருந்தே போனதாக எண்ணிவிடாதீர்கள். அது பெர்லின் நகரம் முழுவதற்குமான கணக்கு. லெவெட்சோ தெருவின் யூத ஜெபாலயம் உட்பட வேறு இடங்களிலும் மக்களை அடைத்து வைத்திருந்தார்கள்.

இல்லத்தின் பின்னால் இருப்பதைப் பூங்கா என்று நினைத்துக் குறுக்கே நடக்கக் கூடாது. 1672 முதல் 1827 வரை யூதர்களை அடக்கம் செய்த நிலம் அது. தத்துவஞானி மோசஸ் மெண்டல்சனை 1786இல் புதைத்ததும் இங்கேதான். 1943இல் கெஸ்டபோ உத்தரவில் கல்லறைகளைத் தகர்த்தார்கள். 1945இல் போரில் இறந்தவர்களையும் இதே மண்ணில் புதைத்தார்கள். ஆகவே பாதையை விட்டு இறங்காதீர்கள். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். பூ வேண்டாம், சிறு கல் வைப்பதே யூத வழக்கம். சனிக்கிழமை ஓய்வுநாள் என்பதால் அன்று போவதைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து, வந்த நிலையத்துக்கே திரும்பித் தெற்கே போகும் எஸ்1 அல்லது எஸ்2 ரயில் ஏறுங்கள். நான்காவது நிறுத்தம் அன்ஹால்ட்டர். பழைய நிலையத்தில் முகப்பின் ஒரு பகுதிதான் எஞ்சியிருக்கிறது. தெரேசியன்ஸ்டட் ரயில்கள் பற்றிய தகவல் பலகை அதன் அருகிலேயே உள்ளது.