ரோல்பேக் செய்தும் திரும்பாத பூஜ்ஜியம்

சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் அஞ்சல் குறியீடு 058793. எங்கள் தரவுத்தளத்தில் அது 58793 என்று இருந்ததைக் கண்டபோதுதான், இரண்டு நாள்களுக்கு முன் பிழையின்றி முடிந்த ரோல்பேக் (செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறுதல்) தரவை மீட்டுத் தரவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

நான் அப்போது வேலை பார்த்த நிறுவனம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பொட்டலங்களை விநியோகித்து வந்தது. முகவரி அட்டவணையில் எழுத்துச்சரமாக இருந்த அஞ்சல் குறியீட்டை, தேடல் விரைவாகும் என்று நம்பி, முழு எண்ணாக மாற்றும் மைக்ரேஷனை, அதாவது தரவுத்தள அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்டை, நான் எழுதினேன். மறுநாள் காலை, முகவரிச் சீட்டு அச்சிடும் சேவை தரவு வகை பொருந்தவில்லை என்று நின்றுவிட்டதால், மைக்ரேஷனைத் தலைகீழாக்க எழுதி வைத்திருந்த டவுன் ஸ்கிரிப்டை ஓட்டி அந்த நெடுவரிசையை மீண்டும் எழுத்துச்சரமாக்கினோம். பிழை நின்றது. அட்டவணையின் அமைப்பைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், வித்தியாசமே இல்லை.

வித்தியாசம் மதிப்புகளில் இருந்தது. எண்ணாக மாறிய கணத்திலேயே முன்னால் இருந்த பூஜ்ஜியம் போய்விட்டது. எண்ணை மறுபடி எழுத்தாக்கினால் அது திரும்பி வராது. சிராங்கூன் சாலையின் லிட்டில் இந்தியா பகுதிக் கடைகளின் குறியீடுகள் 2இல் தொடங்குவதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை. ராஃபிள்ஸ் பிளேஸ், சிசில் ஸ்திரீட், தஞ்சோங் பகார் வட்டாரங்களின் குறியீடுகளோ பூஜ்ஜியத்தில்தான் தொடங்குகின்றன; எங்கள் அலுவலக வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருந்தார்கள்.

நீளவாரியாக எண்ணிப் பார்த்தேன். ஆறு இலக்கம் இருந்தால் சிங்கப்பூர், சேதமில்லை. நான்கு இலக்கம் இருந்தால் மலேசியா. அலோர் ஸ்டாரின் 05000 அப்படித்தான் 5000 ஆகியிருந்தது. ஐந்து இலக்கத்தில்தான் சிக்கல், ஏனெனில் மலேசியக் குறியீடுகளே ஐந்து இலக்கம் கொண்டவை, 58இல் தொடங்குபவை கோலாலம்பூருக்கு உரியவை. நாட்டின் பெயருக்கான நெடுவரிசை பிற்பாடு சேர்க்கப்பட்டது என்பதால் பழைய வரிகளில் அது காலியாக இருந்தது. ஆகவே 58793 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நாடு என்று சொல்ல வழியில்லை.

காப்புப்படியைக் கொண்டு, மைக்ரேஷனுக்குச் சற்று முந்தைய நேரத்து நிலையை வேறொரு சர்வரில் எழுப்பினோம். அதை அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தால், இடையில் முகவரி மாற்றியவர்களின் மாற்றங்கள் அழிந்திருக்கும். அதனால், பழைய குறியீட்டை எண்ணாக்கும்போது இன்றைய மதிப்புக்குச் சமமாக வரும் வரிகளை மட்டுமே திருத்தினோம். மைக்ரேஷனுக்கும் ரோல்பேக்குக்கும் இடைப்பட்ட நேரத்தில் புதிதாகச் சேர்ந்த வரிகளுக்குப் பழைய பிரதியே கிடையாது. அந்த வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம்.

போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் அட்டவணை அமைப்பை மாற்றும் கட்டளைகளையும், முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் தொகுப்பான டிரான்சாக்‌ஷனுக்குள் வைக்க முடியும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு மென்பொருளில் அவை ஒவ்வொன்றும் தானாகவே கமிட் ஆகிவிடும், அதாவது நிலையாகப் பதிவாகிவிடும். போஸ்ட்கிரஸின் இந்த வசதியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் அது கமிட் ஆகும் வரையில்தான் காக்கும். அதற்குப் பிறகு ஓட்டும் டவுன் ஸ்கிரிப்ட் இன்னொரு மைக்ரேஷன்தான், பழைய மதிப்புகள் என்னவென்று அதற்குத் தெரியாது.

இப்போது நெடுவரிசையின் வகையை இருந்த இடத்திலேயே மாற்றுவதை நான் ஏற்பதில்லை. புதிய நெடுவரிசையைச் சேர்த்து, சில காலம் இரண்டிலும் எழுதி, வாசிப்பைப் புதியதற்கு மாற்றி, சில வாரங்கள் சிக்கலின்றிக் கழிந்த பிறகே பழையதை நீக்குகிறோம். அதுவரை பின்வாங்குவதென்றால் வாசிப்பைப் பழையதற்குத் திருப்பினால் போதும். வேலை கூடுகிறது, இடமும் கூடுதலாகப் பிடிக்கிறது. இரண்டையும் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறேன். டவுன் ஸ்கிரிப்ட் உள்ள ஒவ்வொரு மைக்ரேஷனையும் ஏற்றி இறக்கி, அமைப்போடு மதிப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிடும் சோதனை ஒன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். அதன் மாதிரித் தரவில் முதல் வரி 058793, இரண்டாவது 05000.